வீணாகும் சூட்டில் மின்சாரம் எவ்வளவு கிடைக்கும்?

உங்கள் கேள்வி இது. ஆலையில் ஒரு மெகாவாட் எரிவாயு இன்ஜின் ஜெனரேட்டர் நாள் முழுக்க ஓடுகிறது. இன்ஜினைக் குளிர்வித்துவிட்டு வரும் தண்ணீர் 90 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. பக்கத்து பாய்லரின் புகை 180 டிகிரியில் புகைபோக்கி ஏறிப் போகிறது. இரண்டு சூடும் வீணாகத்தானே போகிறது, இதிலிருந்து மின்சாரம் எடுக்க முடியாதா? முடியும் என்றால் சின்ன வெப்பமின் தகடுகள் போதுமா, டர்பைன் வேண்டுமா? கூரையில் சூரிய வெந்நீர்த் தகடுகளை வைத்து அதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாமா?

எடுக்க முடியும். ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு சூட்டுக்கும் மின்சாரத்தைவிட நல்ல உபயோகம் இருக்கிறது. மின்சாரம் எடுக்கத் தகுந்த சூடு ஒன்று உங்கள் ஆலையிலேயே இருக்கிறது, அதை நீங்கள் கேள்வியில் குறிப்பிடவில்லை. அது எது என்பதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் கணக்கு எப்படிப் போகிறது என்று பார்த்துவிடலாம். கணக்கைப் போடாமல் இயந்திரத்தைத் தேடிப் போவதுதான் இந்த விஷயத்தில் அடிக்கடி நடக்கும் தவறு.

வெப்பத்திலிருந்து வேலை வாங்கும் எந்த இயந்திரத்துக்கும் ஒரு மேல்வரம்பு உண்டு என்று 1824-ல் பிரான்ஸைச் சேர்ந்த சாடி கார்னோ காட்டினார். சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தை, சூடான பக்கத்தின் கெல்வின் அளவால் (செல்சியஸோடு 273-ஐக் கூட்டினால் வருவது) வகுத்தால் அந்த வரம்பு வந்துவிடும். குளிர்ந்த பக்கம் 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 1000 டிகிரி சூட்டுக்கு வரம்பு 76 சதவீதம். 350 டிகிரிக்கு 51. 100 டிகிரிக்கு 19 கூட வராது. நடைமுறையில், தாழ்ந்த சூட்டில் ஓடும் நல்ல இயந்திரம் இந்த வரம்பில் பாதியைத் தொட்டாலே பெரிய விஷயம்.

இந்தக் கணக்கிலும் ஒரு இடறல் இருக்கிறது. நான் பார்த்த திட்ட அறிக்கைகளில் பலர் தடுக்கி விழும் இடம் அதுதான். 19 சதவீதம் என்பது, எவ்வளவு எடுத்தாலும் 100 டிகிரியிலேயே நிற்கும் ஒரு மூலத்துக்கு. வீணாகும் வெப்பம் அப்படி நிற்பதில்லை. வெந்நீரோ புகையோ, நாம் சூட்டை எடுக்க எடுக்க அது குளிர்ந்துகொண்டே போகும். முதல் டிகிரி 100-ல் கிடைக்கிறது, கடைசி டிகிரி 31-ல் கிடைக்கிறது. அந்தக் கடைசி டிகிரிகளுக்கு மதிப்பே இல்லை.

ஒரு டன் கொதிநீரை எடுத்துக்கொள்ளுங்கள். அதை 100-லிருந்து 30 டிகிரிக்குக் குளிர்வித்தால் வெளிவரும் வெப்பம் சுமார் 81 யூனிட். 19 சதவீதம் என்று பெருக்கினால் 15 யூனிட் மின்சாரம் என்று தோன்றும். குளிர்ந்துகொண்டே போவதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் வரம்பே 10 சதவீதமாகக் குறைந்து 8 யூனிட்டில் வந்து நிற்கிறது. நல்ல இயந்திரம் அதில் பாதி எடுக்கும், நான்கு யூனிட். பம்பும் விசிறியும் தின்றது போக மூன்று மிஞ்சலாம். ஒரு டன் கொதிநீருக்கு மூன்று யூனிட்! அதே கொதிநீரை நேரடியாக எதையாவது சூடாக்கப் பயன்படுத்தினால் 81 யூனிட்டில் பெரும்பகுதி அப்படியே எரிபொருளாக மிச்சமாகும். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது.

சரி, எங்கே இது உண்மையாகவே பலன் தருகிறது? உலகத்திலேயே மிகப் பெரிய அளவில் நடக்கும் கழிவு வெப்ப மின் உற்பத்தியை யாரும் அந்தப் பெயரால் அழைப்பதில்லை. எரிவாயு டர்பைன் தனியாக ஓடினால் எரிபொருளில் 40 சதவீதம்போல மின்சாரமாகும், மீதி 600 டிகிரியை ஒட்டிய சூட்டில் வெளியே போகும். அந்தப் புகையை ஒரு பாய்லருக்குள் விட்டு, நீராவி எடுத்து, இரண்டாவது டர்பைனை ஓட்டினால் மொத்தத் திறன் 60 சதவீதத்தைத் தாண்டுகிறது. கூட்டுச் சுழற்சி மின்நிலையம் என்பது இதுதான். கூடுதலாக ஒரு சொட்டு எரிபொருள்கூட எரிப்பதில்லை. சூடு உயர்ந்த நிலையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

அடுத்தது சிமென்ட். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தொழிலின் கஷ்டங்கள் எல்லாம் அங்கே ஒரே இடத்தில் தெரியும். சூளைக்குள் போகும் கல்மாவை ப்ரீஹீட்டர் கோபுரத்தில் சூடாக்கிய பிறகும் புகை 300 முதல் 350 டிகிரியில் வெளிவருகிறது. இன்னொரு பக்கம், சூளையிலிருந்து விழும் கிளிங்கரை (அரைத்தால் சிமென்ட் ஆகும் சூடான கட்டிகள்) குளிர்வித்த காற்றில் ஒரு பங்கு ஏறத்தாழ அதே சூட்டில் வெளியேறுகிறது. இரண்டிலும் பாய்லர் வைத்தால் ஒரு டன் கிளிங்கருக்கு 25 முதல் 35 யூனிட் வரை எடுக்கலாம். நாளுக்கு 3000 டன் சூளை என்றால் நான்கு மெகாவாட்டுக்குச் சற்றுக் குறைவாக வரும். ஆலையின் மின்தேவையில் கால்பங்கு அளவு இது.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அந்தப் புகை வெறும் புகை கிடையாது, மாவு கலந்த புகை. பாய்லர் குழாய்களின் மேல் அந்த மாவு படிந்து போர்வைபோல மூடிக்கொள்ளும். அதனால் சுத்தியல்கள் வரிசையாகப் பொருத்தி, குறிப்பிட்ட இடைவெளியில் குழாய்களைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். பக்கத்தில் நின்றால் அந்த டம் டம் சத்தம் விடாமல் கேட்கும். கிளிங்கர் குளிர்விப்பானின் காற்றில் வரும் தூசு வேறு ரகம். ஒட்டாது, ஆனால் உப்புத்தாள்போலக் குழாயைத் தேய்த்துவிடும். அதைப் பாய்லருக்கு முன்னாலேயே ஓர் அறையில் படிய வைத்துவிட்டுத்தான் காற்றை உள்ளே விட வேண்டும். அப்புறம் இன்னொன்று: அந்தப் புகை முழுவதும் சும்மா கிடப்பதும் இல்லை. சுண்ணாம்புக்கல்லின் ஈரத்தை உலர்த்த அதிலிருந்துதான் எடுக்கிறார்கள். மழைக்காலத்தில் கல் நனைந்து வந்தால் உலர்த்துவதற்கு அதிக சூடு போகும், பாய்லருக்குக் குறைவாகக் கிடைக்கும். வீணாகிறது என்று நாம் நினைக்கும் சூட்டுக்குப் பெரும்பாலும் ஏற்கெனவே யாரோ ஒரு சொந்தக்காரர் இருப்பார்.

எஃகு ஆலைகளில் சூளையிலிருந்து தள்ளப்படும் கோக் (காற்றில்லாமல் சுட்ட நிலக்கரி) 1000 டிகிரியில் செக்கச்செவேல் என்று இருக்கும். பழைய முறையில் அதன்மேல் தண்ணீரைக் கொட்டுவார்கள். வானளாவ வெள்ளை ஆவி எழும், அத்தனையும் போன சூடு. உலர் முறையில் மூடிய கலத்துக்குள் கோக்கைப் போட்டு நைட்ரஜன் வாயுவைச் சுற்றவிட்டு, அந்தச் சூட்டில் நீராவி எடுக்கிறார்கள். கோக்கின் தரமும் கூடுகிறது என்பதால் இந்த முறை பல நாடுகளில் பரவியிருக்கிறது.

இதெல்லாம் 300 டிகிரிக்கு மேலே. அதற்குக் கீழே வந்தால் நீராவி டர்பைனுக்குத் தெம்பு இருக்காது. தண்ணீர் 100 டிகிரியில்தான் கொதிக்கும், அந்த நிலையில் அழுத்தமும் போதாது. அதனால் தண்ணீருக்குப் பதில் சீக்கிரம் கொதிக்கும் திரவத்தைப் போடுகிறார்கள். பென்டேன் 36 டிகிரியில் கொதித்துவிடும், ஐசோபியூட்டேன் உறைநிலைக்கும் 12 டிகிரி கீழேயே கொதிக்கும். மற்றபடி வேலை செய்யும் விதம் நீராவி நிலையம் மாதிரியேதான்: பம்ப், ஆவியாக்கி, டர்பைன், கன்டென்சர், மறுபடி பம்ப். இதற்கு ஆர்கானிக் ரேங்கின் சுழற்சி என்று பெயர். பென்டேன் போன்ற திரவங்களுக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு. டர்பைனுக்குள் விரியும்போது நீராவியில் துளிகள் தோன்றி இறக்கைகளை அரிக்கும். இவற்றின் ஆவி விரியும்போது உலர்ந்தே இருக்கும். 1960-களில் இஸ்ரேலில் ஹாரி தாபோரும் லூசியன் புரோனிக்கியும் இந்த முறையைச் சிறிய டர்பைன்களுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று புவிவெப்ப நிலையங்கள் பலவற்றில் ஓடுவது இதுவே.

எவ்வளவு குறைந்த சூட்டில் இது ஓடும் என்பதற்கு அலாஸ்காவின் சேனா வெந்நீர் ஊற்றைச் சொல்லலாம். அங்கே ஊற்றுநீர் 74 டிகிரிதான். 2006-ல் 200 கிலோவாட் இயந்திரம் ஒன்றை வைத்தார்கள், பிறகு இன்னொன்று சேர்ந்தது. அதற்கு முன் அந்த இடம் டீசலில் ஓடியது. டர்பைனைப் புதிதாக வடிவமைக்கக்கூட இல்லை, பெரிய கட்டடங்களின் ஏசி சில்லரில் இருக்கும் கம்ப்ரசரை எதிர்த்திசையில் ஓட்டினார்கள். 74 டிகிரியில் இது எப்படிக் கட்டுப்படியாயிற்று? அங்கே குளிர்விக்கும் நீர் 4 டிகிரியில் கிடைத்தது. எழுபது டிகிரி வித்தியாசம். அப்படியிருந்தும் திறன் 8 சதவீதத்தைச் சுற்றித்தான்.

வெப்பத்திலிருந்து மின்சாரம் என்று பேசும்போது எல்லோரும் சூட்டைத்தான் தேடுகிறார்கள். குளிர்ச்சி எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் 90 டிகிரி தண்ணீரைக் கொண்டு ஓர் இயந்திரம் ஓடுகிறது, குளிர்நீர் 20 டிகிரியில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குளிர்நீர் 35 டிகிரிக்கு ஏறினால் கிடைக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ கால்பங்கு போய்விடும். 500 டிகிரி நீராவியில் ஓடும் நிலையத்துக்கு அந்த 15 டிகிரி சின்ன நஷ்டம். தாழ்ந்த சூட்டில் அதுவே லாபத்தை முழுவதுமாக விழுங்கிவிடும்.

இப்போது நீங்கள் கேட்ட வெப்பமின் தகடுகள். இரண்டு வேறு உலோகங்களை இணைத்து ஒரு முனையைச் சூடாக்கினால் ஒரு விளைவு உண்டாகும் என்று 1821-ல் தாமஸ் சீபெக் கண்டார். அதை மின்சாரம் என்று புரிந்துகொண்டது சற்றுப் பிறகு. இன்று கிடைக்கும் 4 சென்டிமீட்டர் சதுரத் தகட்டுக்குள் பிஸ்மத் டெலுரைடில் செய்த 127 ஜோடிக் கால்கள் வரிசையாக நிற்கும். ஒரு பக்கம் 150 டிகிரி, மறுபக்கம் 50 டிகிரி என்று நிறுத்த முடிந்தால் இரண்டு மூன்று வாட் கிடைக்கும். நிறுத்த முடிந்தால் என்பதைக் கவனியுங்கள். அடுப்பின் மேல் தகட்டை வைத்து, மேலே சூட்டைக் காற்றில் விடும் ஒரு அலுமினிய ஹீட்சிங்கை அழுத்தி வைத்தால் முதல் நிமிடம் மின்னழுத்தம் ஜம்மென்று ஏறும். பிறகு மெதுவாக இறங்கும். தகடு கெட்டுப்போகவில்லை, ஹீட்சிங்கே சூடாகிவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே சூட்டை நெருங்கினால் மின்சாரம் நின்றுவிடும். மீண்டும் குளிர்ந்த பக்கத்துக்கே வருகிறோம். இன்னொரு எச்சரிக்கை: குளிர்விப்பதற்காக விற்கும் மலிவான பெல்டியர் தகட்டை வாங்கி இதற்குப் போடாதீர்கள். அதன் ஈயப்பற்று பல வகைகளில் 138 டிகிரியிலேயே உருகிவிடும். மின்சாரம் எடுப்பதற்கென்றே செய்த தகடு வேறு.

இந்தத் தகடுகளின் உண்மையான பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. 1977-ல் புறப்பட்ட இரண்டு வாயேஜர் விண்கலங்களிலும் புளூட்டோனியச் சூட்டில் இயங்கும் மூன்று மூன்று வெப்பமின் ஆக்கிகள் இருக்கின்றன. 7000 வாட்டுக்கு மேற்பட்ட வெப்பத்திலிருந்து புறப்படும்போது கிடைத்தது 470 வாட் மின்சாரம், ஆறரை சதவீதம்தான். ஆனால் அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை, அரை நூற்றாண்டை எட்டும் காலமாக யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. ஆள் போக முடியாத இடத்தில் ஒரு சென்சாருக்குச் சில வாட் வேண்டுமா, தாராளமாகத் தகடு வையுங்கள். ஆலையின் மின்கட்டணத்தைக் குறைக்க அது உதவாது.

அப்புறம் புதுப்பிக்கத்தக்க வெப்பம். இதில் மூத்தது புவிவெப்பம். இத்தாலியின் லார்தெரெல்லோவில் 1904 ஜூலை 4 அன்று பியெரோ ஜினோரி கோன்டி நிலத்திலிருந்து வந்த நீராவியைக் கொண்டு ஐந்து விளக்குகளை எரியவைத்தார். 1913-ல் அங்கே 250 கிலோவாட் நிலையம் வந்தது. அந்தப் பகுதி இன்றும் மின்சாரம் தருகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஐஸ்லாந்தின் வழி. ஹெட்லிஷெய்தி நிலையத்தில் 303 மெகாவாட் மின்சாரம் எடுத்த பிறகும் மிஞ்சும் சூட்டில் தண்ணீரைக் காய்ச்சி ரெய்க்யாவிக் நகர வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். உயர்ந்த சூடு மின்சாரத்துக்கு, தாழ்ந்த சூடு வெந்நீருக்கு என்று படிப்படியாக இறக்குவது.

கடல் வெப்பம் இதற்கு நேர் எதிர்முனை. வெப்பமண்டலக் கடலின் மேல்நீர் 26 டிகிரி, ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் 5 டிகிரி. வித்தியாசம் 21 டிகிரி, கார்னோ வரம்பு 7 சதவீதம், கைக்கு வருவது இரண்டு மூன்று. பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் க்ளோட் 1930-ல் கியூபாவின் மத்தான்சாஸ் விரிகுடாவில் இதைக் கட்டினார். 22 கிலோவாட் கிடைத்தது. அந்த ஆலையை ஓட்ட அதைவிட அதிக மின்சாரம் தேவைப்பட்டது. ஆனாலும் அவர் ஒன்றை நிரூபித்தார்: ஆழ்கடல் குளிர்நீரை மேலே கொண்டுவரும் குழாய்தான் இந்தத் தொழிலின் உயிர்நாடி. இன்றைக்கும் இந்த முறையின் பெரிய செலவு அந்தக் குழாய்தான்.

சூரிய வெப்பத்துக்கு வருவோம். உங்கள் கூரை யோசனையை இங்கே வெளிப்படையாகவே மறுக்கிறேன். தட்டையான வெந்நீர்த் தகடு 80 டிகிரியில் தண்ணீர் தரும்போது வெயிலில் பாதியைப் பிடிக்கும் என்று வையுங்கள். அதில் ஆறு சதவீதம் மின்சாரமானால் மொத்தம் மூன்று சதவீதம். அதே கூரையில் சாதாரண சோலார் மின்தகடு 20 சதவீதத்தை எந்த டர்பைனும் இல்லாமல் தந்துவிடும். சூரிய வெப்பத்தை மின்சாரமாக்குவதில் அர்த்தம் இருப்பது, கண்ணாடிகளால் குவித்து உயர்ந்த சூட்டுக்குக் கொண்டுபோய் அதைச் சேமிக்கும்போதுதான். 2011-ல் ஓடத் தொடங்கிய ஸ்பெயினின் ஹெமசோலார் கோபுரத்தில் சோடியம் நைட்ரேட், பொட்டாசியம் நைட்ரேட் கலந்த உருகிய உப்பு 565 டிகிரிக்குச் சூடாகிறது. சூரியன் மறைந்த பிறகும் 15 மணி நேரம் டர்பைனை ஓட்டும் அளவு உப்பு தொட்டியில் இருக்கும். இதற்கும் தொல்லை உண்டு. அந்த உப்பு 220 டிகிரியை ஒட்டி இறங்கினாலே உறையத் தொடங்கிவிடும், குழாய் முழுக்கக் கல்லாகிவிடாமல் இரவெல்லாம் காக்க வேண்டும். அமெரிக்காவின் நெவாடாவில் இருந்த இதுபோன்ற நிலையம் 2016-ல் சூடான உப்புத் தொட்டி கசிந்து மாதக்கணக்கில் நின்றது.

இனி உங்கள் ஆலை. பாய்லர் புகை 180 டிகிரி. அதைப் பூஜ்யம் வரை இறக்க முடியாது. எரிபொருளில் கந்தகம் இருந்தால் 120 முதல் 150 டிகிரிக்குள் கந்தக அமிலம் குழாயில் வேர்க்கத் தொடங்கி அரித்துவிடும். 180-லிருந்து 130 வரை, அந்த ஐம்பது டிகிரிதான் உங்கள் கையில் இருக்கிறது. மணிக்குப் பத்து டன் புகை என்றால் 145 கிலோவாட் வெப்பம். மின்சாரமாக்கினால் பம்ப், விசிறி போக 13 அல்லது 14 கிலோவாட் மிஞ்சும். அதே சூட்டில் ஒரு எகனாமைசர் வைத்து பாய்லருக்குப் போகும் தண்ணீரைச் சூடாக்கினால் 145 கிலோவாட்டும் எரிபொருளாக மிச்சம். புகை சுமார் 20 டிகிரி குறைந்தால் எரிபொருள் ஒரு சதவீதம் குறையும் என்பது பாய்லர் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. எகனாமைசரில் டர்பைன் இல்லை, தனிப் பராமரிப்பு ஆளும் வேண்டாம்.

இன்ஜின் தண்ணீர் 90 டிகிரி, அதில் சுமார் 500 கிலோவாட் வெப்பம் இருக்கும். மின்சாரமாக்கினால் முப்பது கிலோவாட், செலவு போக இருபதை ஒட்டி. ஆலையில் குளிர்சாதனத் தேவை இருக்கிறதா? இருந்தால் அந்தத் தண்ணீரை, சூட்டைக் கொண்டே குளிர்ச்சி உண்டாக்கும் லித்தியம் புரோமைடு உறிஞ்சு சில்லர் ஒன்றுக்குக் கொடுங்கள். 350 கிலோவாட் குளிர்ச்சி கிடைக்கும். அந்தக் குளிர்ச்சியை மின்சில்லரில் எடுத்தால் 75 முதல் 80 கிலோவாட் மின்சாரம் செலவாகும். மின்சாரத்தை உற்பத்தி செய்வதைவிட, அதே சூட்டைக் கொண்டு மின்சாரச் செலவைத் தவிர்ப்பதில் மூன்று நான்கு மடங்கு லாபம்.

மின்சாரம் எடுக்கத் தகுந்தது என்று ஆரம்பத்தில் சொன்ன சூடு, அதே இன்ஜினின் புகை. 400 டிகிரியை ஒட்டி இருக்கும், அதிலும் 500 கிலோவாட் அளவு வெப்பம் உண்டு. எரிவாயுவில் கந்தகம் மிகக் குறைவு என்பதால் நன்றாகவே குளிர்விக்கலாம். ஆர்கானிக் ரேங்கின் இயந்திரம் 15 சதவீதம் எடுத்தால் 75 கிலோவாட், நிகரமாக 60-க்கு மேல். புகைக்கும் பென்டேனுக்கும் நடுவில் வெப்ப எண்ணெய்ச் சுற்று ஒன்று கட்டாயம் இருக்கட்டும். தீப்பற்றும் திரவத்தை 400 டிகிரி புகைக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. ஆனால் ஆலையில் நீராவி தேவைப்படுகிறது என்றால், அந்தப் புகையில் முதலில் நீராவி எடுத்துப் பாய்லரின் சுமையைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள்.

விலை கேட்பதற்கு முன் ஒரு மாதம் அளந்து எழுதி வையுங்கள்: இன்ஜின் புகையின் சூடு, அதன் அளவு, இன்ஜின் முழுச் சுமையில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, பாதிச் சுமையில் எத்தனை மணி நேரம். விற்பவர் ஓர் எண் சொன்னால், அது பம்ப், விசிறிக்கு முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள். எந்தக் குளிர்நீர் வெப்பநிலையில் அந்த எண் வருகிறது என்றும் எழுத்தில் வாங்குங்கள். உங்கள் கூலிங் டவர் தண்ணீர் ஆண்டின் மிக வெப்பமான மாதத்தில், பிற்பகல் இரண்டு மணிக்கு எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பதை நீங்களே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு அந்த எண்ணோடு ஒப்பிடுங்கள்.